லக்சாவில் எண்ணெய் எப்போது பிரிய வேண்டும்?

லக்சா என்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாப்பிடும் நூடுல்ஸ் சூப். முதன்முதலாக வீட்டில் கறி லக்சா வைத்த அன்று தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. மேலே கனமாக எண்ணெய், அடியில் மஞ்சள் தண்ணீர், நடுவே பன்னீரை உதிர்த்துப் போட்டது போல வெள்ளைத் துணுக்குகள். வாயில் வைத்தால் மோசமில்லை, பார்க்கத்தான் சகிக்கவில்லை. இந்தச் சூப்பில் எண்ணெய் இரண்டு தடவை பிரிகிறது. முதல் தடவை முழுக்கப் பிரிந்தாக வேண்டும், இரண்டாம் தடவை கொஞ்சம்தான் பிரியலாம். அன்று நான் இரண்டையும் தலைகீழாகச் செய்திருந்தேன்.

எந்த லக்சா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் வெறுமனே லக்சா என்று கேட்டால் மீனும் புளியும் போட்ட அசாம் லக்சா வரும், அதில் தேங்காய்ப்பால் கிடையாது. நான் சொல்வது தேங்காய்ப்பால் சேர்க்கும் வகை. கோலாலம்பூர்ப் பக்கம் இதையே கறி மீ என்றும் சொல்வார்கள், மீ என்றால் நூடுல்ஸ். சிங்கப்பூரின் காத்தோங் பகுதியில் நூடுல்ஸைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு, கரண்டி மட்டும் கொடுக்கிறார்கள்.

எல்லாம் தொடங்குவது ரெம்பாவில். அரைத்த மசாலா விழுதுக்கு மலாயில் அதுதான் பெயர். ஊறவைத்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், பேரரத்தை, செராய் எனப்படும் எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு, நாலைந்து புவா கெராஸ் கொட்டை, ஒரு துண்டு பெலாச்சான். புவா கெராஸில் கொழுப்பு அதிகம், குழம்புக்குத் திடம் தருவது அதுதான். பச்சையாக மட்டும் தின்றுவிடாதீர்கள், வயிற்றைக் கலக்கிவிடும். பெலாச்சான் என்பது உப்புப் போட்டுப் புளிக்கவைத்த இறால் குழைவு. புளிக்கும்போது இறாலின் புரதம் உடைந்து குளுட்டமேட் வெளிப்படுகிறது. பழுத்த தக்காளியில் நாக்கில் தங்கி நிற்கும் ருசிக்கும் அதே பொருள்தான் காரணம். சுட்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு வாடை வரும் ஒரு பொருள் சூப்பில் கரைந்ததும் எங்கே போனது என்றே தெரியாது.

இந்த விழுதை வதக்கும்போது கவனித்துப் பாருங்கள். நாலு பேருக்கு அரை டம்ளர் எண்ணெய் ஊற்றியிருப்பீர்கள். விழுது விழுந்த சில நிமிடத்தில் அத்தனை எண்ணெயும் காணாமல் போய்விடும். பயந்து இன்னும் ஊற்றத் தோன்றும். ஊற்ற வேண்டாம். அரைத்த வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரும் நார்த்துகள்களும் சேர்ந்து எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாகப் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் இருக்கும்வரை விழுதின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதாவது விழுது வேகிறதே தவிர, வறுபடவில்லை. பச்சை வாசனை போகாததும் அதனால்தான்.

பொறுமையாகக் கிளறிக்கொண்டே இருந்தால் சத்தம் மாறும். சளசளவென்று கொதித்தது அடங்கி, சன்னமாகப் பொரியும். தண்ணீர் வற்றி, விழுது சுருங்கி, பிடித்து வைத்திருந்த எண்ணெயை விட்டுவிடுகிறது. நம் வீடுகளில் “எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கு” என்பார்கள். மலாய்க்காரர்கள் “பெச்சா மின்யாக்” என்கிறார்கள், எண்ணெய் உடைவது என்று பொருள். சூடு 100 டிகிரிக்கு மேலே ஏறுவது இப்போதுதான். வெங்காயத்தின் சர்க்கரையும் பெலாச்சானின் அமினோ அமிலங்களும் கலந்து வறுத்த மணம் எழும்புகிறது. மிளகாயின் சிவப்பு, அதன் காரம், மஞ்சளின் நிறம் மூன்றும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை, எண்ணெயில் நன்றாகக் கரைபவை. கடையில் லக்சாவின் மேல் மிதக்கும் சிவப்பு இங்கேயே தயாராகிவிடுகிறது. அன்று நான் அவசரப்பட்டது இந்த இடத்தில். பத்து நிமிடம் போதும் என்று நினைத்தேன். மிதமான தீயில் இருபது நிமிடமாவது பிடிக்கிறது.

சரி, இப்போது தேங்காய்ப்பால். அதுவும் தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவைதான். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் புரதம் ஒரு மெல்லிய சட்டை போல ஒட்டியிருப்பதால் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கின்றன. பசும்பாலை எவ்வளவு காய்ச்சினாலும் திரியாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் அதிலுள்ள கேசின் சூட்டைத் தாங்கும் புரதம். தேங்காயின் புரதத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. ஏறத்தாழ 80 டிகிரியிலேயே சுருள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் தொடங்குகிறது. அதோடு தளதளவென்று கொதிக்கவிட்டால் துளிகள் மோதிச் சேர்ந்து எண்ணெயாக மேலே வந்துவிடும். நான் பார்த்த வெள்ளைத் துணுக்குகள் கட்டியான அந்தப் புரதம்.

அதனால் ரெம்பாவில் முதலில் இறால் தலை, ஓடு வேகவைத்த தண்ணீரையும் இரண்டாம் பாலையும் ஊற்றிக் கொதிக்கவிடலாம். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே தீயைக் குறைத்துவிட வேண்டும். சொதி வைக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பெட்டியில் வரும் பால் சிலது எவ்வளவு கொதித்தாலும் பிரியாது. பசையும் நிலைப்படுத்திகளும் சேர்த்திருப்பார்கள். திரியாது என்ற நிம்மதி உண்டு, ஆனால் மேலே பளபளப்பு குறையும். எனக்குத் துருவிப் பிழிந்த பால்தான் பிடிக்கிறது. எலுமிச்சையைச் சட்டியில் பிழியாதீர்கள், கிண்ணத்தில் பிழியுங்கள். புளிப்பும் இந்தப் புரதத்தைத் திரிய வைக்கும்.

நூடுல்ஸைத் தனியாக வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். மஞ்சள் மீயின் நிறம் முட்டையால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மாவில் சேர்க்கும் காரநீர்தான் காரணம். மிளகாய்க் காரமல்ல, சோடா உப்பு போன்ற காரப்பொருள் கரைத்த நீர். கோதுமையில் இயல்பாக உள்ள நிறமிகள் காரத்தில் மஞ்சளாகின்றன, மாவும் இறுகி மீ சவுக்கென்று இருக்கிறது. அந்தக் காரநீர் வாடை சூப்பில் இறங்கக் கூடாதென்றுதான் தனியாக அலசுவது. அப்புறம் தௌபோக், அதாவது பொரித்த டோஃபு. பொரியும்போது உள்ளே இருந்த தண்ணீர் ஆவியாகிப் போன ஓட்டைகள் அப்படியே நிற்கின்றன. பஞ்சு மாதிரி குழம்பைக் குடித்துவிட்டு, கடிக்கும்போது வாய்க்குள் பீச்சும். மேலே தூவுவது டாவுன் கெசும் இலை. கொத்தமல்லித் தழையின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகள் இதிலும் உண்டு, கொதித்தால் பறந்துவிடும். அதனால் கடைசியில்தான்.

கிண்ணத்தில் ஊற்றியதும் அந்தச் சிவப்பு எண்ணெய் மேலே ஏறிப் படலமாக விரியும். தண்ணீர் ஆவியாவதை அது தடுக்கிறது. ஆவி போனால்தானே சூடு குறையும்? புகையே தெரியாது, ஆறிவிட்டது என்று நினைத்து ஒரு வாய் உறிஞ்சினால் நாக்கு பொத்துப்போகும். எனக்கு இன்றும் முதல் கரண்டியில் அதுதான் நடக்கிறது.