பயர்மேன்: நீராவி ரயிலின் உலையாளர்

நீராவி ரயிலைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் சிலர் 'பயர்மேன்' என்ற சொல் வந்ததும் 'தீயணைப்பு வீரர்' என்று போட்டுவிடுகிறார்கள். போத்தனூர், ஈரோடு பக்கம் ரயில்வே குடும்பத்தில் வளர்ந்த யார் படித்தாலும் மனசு சங்கடப்படும், ஏனென்றால் இன்ஜினில் கரி போட்டு, தீ அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு வேலையே.

ஆங்கிலத்தில் தீ, ஆள் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது அது. தீ வளர்க்கிறவருக்கும் அணைக்கிறவருக்கும் அங்கே ஒரே பெயர். கப்பலில் இதே வேலைக்கு 'ஸ்டோக்கர்', டச்சு மொழியில் தீ மூட்டுவதைக் குறிக்கும் 'ஸ்டோக்கன்' என்ற வினையிலிருந்து வந்தது. வடக்கே ரயில்காரர்கள் 'ஆக்வாலா' என்றார்கள், ஆக் என்றால் இந்தியில் நெருப்பு. நம் பக்கம் பயர்மேன் என்றே நின்றுவிட்டது.

கரி வாரிப் போடுகிற ஆள் என்று லேசாகச் சொல்லிவிடுவார்கள். குவித்துப் போட்டால் காற்று ஏறாமல் கரும்புகை கக்கும், அதனால் மெல்லிசாக, மூலையெல்லாம் விழுகிற மாதிரி வீச வேண்டும். அப்படி வீசிக்கொண்டே கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயையும் பார்க்க வேண்டும். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் இருந்தாக வேண்டும்; மட்டம் இறங்கிவிட்டால் தகட்டில் பதித்த ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பாயும். மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயிலில் இது இன்னும் கஷ்டம். கல்லாறு தாண்டியதும் சுமார் 12 அடிக்கு 1 அடி ஏற்றம், கொதிகலனுக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும், ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நின்று நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் ஏறும். ஜன்னலோரம் கண்ணில் கரித்தூள் விழுந்து, அம்மா முந்தானையைச் சுருட்டி ஊதி ஒற்றி எடுத்த நேரத்தில் இன்ஜினில் ஒருத்தர் இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெருப்பு, தண்ணீர் இரண்டுக்கும் பொறுப்பான ஆளுக்குப் பொருத்தமாக நம்மிடம் 'உலை' இருக்கிறது. கொல்லன் பட்டறையில் உலை என்றால் நெருப்பு. "உலை வெச்சாச்சுங்களா?" என்று கேட்டால் அரிசி போடக் கொதிக்கிற தண்ணீர். அணு உலை என்று புதுசுக்கும் அதையே வைத்திருக்கிறோம். அதனால் 'உலையாளர்' என்பதே என் தேர்வு. கனலர் என்றும் சொல்லலாம், ஆனால் அதில் தண்ணீர் விட்டுப்போகிறது.

முதல் உலையாளர், இரண்டாம் உலையாளர் என்று பதவிப் பெயரும் சரியாக அமையும். டீசல் வந்த பிறகு அந்த இடத்துக்கு வந்த அசிஸ்டென்டுக்கு உதவி ஓட்டுநர் போதும், அங்கே உலை கிடையாது. மலை ரயிலில் எண்ணெயில் எரியும் இன்ஜின்களும் வந்துவிட்டன, அவற்றைப் பார்த்துக்கொள்கிறவரையும் உலையாளர் என்றே எழுதலாம்.