ஓய்வு நேரத்தில் ஒட்டிக்கொள்ளும் புகை

சுவிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவன், கல்லடிப் பாலத்தருகே ஒரு தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீயைக் கையில் வாங்கியதும், மற்றக் கையால் சட்டைப்பையைத் தடவினான். அந்நாட்டின் கட்டாயப் படைச்சேவையில் 18 வார ஆரம்பப் பயிற்சிக்குப் போகும்வரை அவன் சிகரட்டைத் தொட்டதில்லை. "அங்க வேலையை விடக் காத்துக்கொண்டு நிக்கிறதுதான் கூட, மாமா" என்றான். இலங்கையில் கட்டாயப் படைச்சேவை இல்லாததால், காத்திருப்பதற்கும் புகைக்கும் என்ன தொடர்பு என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

உள்ளிழுத்த புகையிலுள்ள நிக்கொட்டின் நுரையீரலிலிருந்து குருதியில் கலந்து, 10 முதல் 20 செக்கன்களுக்குள் மூளையை அடைகிறது. அங்கே நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசற்றைல்கோலின் என்ற பொருளுக்கென அமைந்த வாங்கிகளில் அது பொருந்திக்கொள்ள, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் சுரக்கிறது. இன்பம் இவ்வளவு விரைவாக வருவதால், அதற்குச் சற்று முன் கண்ணில் பட்டது, கையில் இருந்தது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் மூளை அதனுடன் முடிச்சுப் போட்டுவிடுகிறது. தொடர்ந்து புகைக்கும்போது வாங்கிகள் மரத்துப்போக, மூளை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. குருதியிலுள்ள நிக்கொட்டினோ ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அப்போது எழும் எரிச்சலையும் நிலைகொள்ளாமையையும் அடுத்த சிகரட் அடக்கிவிடுவதால், 'நரம்பு தளருது' என்று புகைப்பவர் நம்புகிறார். உண்மையில் அது பெரும்பாலும் முந்தைய சிகரட் விட்டுச்சென்ற பதற்றத்தையே தணிக்கிறது.

படைமுகாமின் ஒழுங்கு இதற்கு வெகு வசதியானது. ஓய்வு ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே கட்டளையில் கிடைக்கிறது. புகைப்பவர்கள் ஒதுங்கிப் போய் நிற்க, புகைக்காதவனுக்குத் தனியே நிற்பதைத் தவிர வேறு வேலையில்லை. சுயகட்டுப்பாட்டுக்குரிய மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருப்பதால், 19, 20 வயதில் அந்தக் கூட்டத்தின் இழுப்பு இன்னும் பலமாயிருக்கும். சில மாதங்களில் சப்பாத்தின் நாடாவை அவிழ்ப்பதுகூடப் புகைக்கான அழைப்பாகிவிடுகிறது.

அமெரிக்கப் படையின் உணவுப் பொதிகளில் 1975 வரை சிகரட்டும் சேர்ந்தே வந்தது. பின்னர் அடிப்படைப் பயிற்சிக் காலத்தில் புகைத்தலையே அங்கு தடைசெய்தார்கள். புகைக்காத வாரங்களில் உடல் நிக்கொட்டின் இன்றிப் பழகினாலும், முன்பு புகைத்தவர்களில் பலர் பயிற்சி முடிந்ததும் மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். மூளை போட்ட முடிச்சுகளைத் தடை அவிழ்ப்பதில்லை. வழக்கமான நண்பனும் வழக்கமான கோப்பையும் எதிர்ப்படாத இடத்தில் அவை அப்படியே கிடக்கின்றன.

இதில் முரண் என்னவென்றால், புகையிலுள்ள காபனோரொட்சைட்டு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன், குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், ஓடப் பழக்கிய அதே உடலுக்கு மூச்சு முட்டத் தொடங்குகிறது. பையன் அதையும் ஒப்புக்கொண்டான். விட்டுப் பார்க்கும் முதல் 2, 3 நாட்கள்தான் மிகக் கடினமானவை என்பதால், அந்த நாட்களில் பிளேன்ரீயை நின்றுகொண்டு குடிக்காமல் வீட்டுத் திண்ணையில் ஆறுதலாக இருந்து, அம்மம்மாவுடன் பேசிக்கொண்டு குடித்துப் பார்க்கும்படி சொன்னேன்.