அலகின் அடியில் ஒரு முகவரி

சாரணர்களுக்கென்று செய்த பழைய மடக்குக் கத்தி ஒன்று கைக்குக் கிடைத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, உப்புத்தாளை எடுத்து அதைப் பளபளவென்று தேய்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கத்தியின் ஊரும் பேரும் ஒரு மில்லிமீட்டரை விடக் குறைந்த ஆழத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தேய்த்தால் போயே போய்விடும்.

பெரிய அலகை முழுவதும் விரித்து, அது கைப்பிடிக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். கூர் தீட்டப்படாத சிறு பரப்பு ஒன்று அங்கே இருக்கும். தொழிற்சாலை தன் முத்திரையைப் பதிப்பது அதில்தான். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் மங்கிய எழுத்தும் நிழல் கொண்டு எழுந்து நிற்கும்.

அந்த முத்திரையை எப்போது அடித்தார்கள் என்பது முக்கியம். எஃகு மென்மையாக இருக்கும்போதே அச்சை அடித்துவிடுவார்கள். அதன் பிறகே அலகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். இறுகிய எஃகில் அடித்தால் அலகு விரிசல் கண்டுவிடும். ஆகவே உண்மையான முத்திரையில் எழுத்தின் குழியும் சுற்றியுள்ள பரப்பும் சேர்ந்தே கறுத்திருக்கும். பின்னாளில் யாரோ அமிலத்தாலோ லேசராலோ பொறித்த எழுத்து, கறுத்த அலகின் நடுவே தனியாகத் தெரியும்.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910இல் தொடங்கியது. அதன் முதல் அதிகாரபூர்வக் கத்தியை மறு ஆண்டே செய்து கொடுத்தது, நியூயார்க் மாநிலத்தின் வால்டன் ஊரில் இருந்த நியூயார்க் நைஃப் கம்பெனி. சுத்தியலை ஓங்கிய கை அதன் சின்னம். ஆனால் சுத்தியலைக் கண்டதும் 'வால்டன்' என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்த நிறுவனம் 1931இல் மூடப்பட்டது. அதன் 'ஹேமர் பிராண்ட்' (சுத்தியல் முத்திரை) என்ற பெயரை 1936இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்து இம்பீரியல் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெயர் ஒன்று, பட்டறை வேறு. பெயரை மட்டும் நம்பி விலை கொடுப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

அப்போது கைகொடுப்பது கைப்பிடி. வால்டன் கத்தியில் உலோகத் தகட்டின் மேல் எலும்புப் பட்டைகளை ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். இம்பீரியலின் மலிவான கத்திகளிலோ மெல்லிய தகட்டை ஓடுபோல வளைத்து மாட்டியிருப்பார்கள். உள்ளே வெற்றிடம். நகத்தால் தட்டினாலே சத்தம் வேறுபடும்.

எலும்பை அடையாளம் காண்பதும் கடினமில்லை. மாட்டின் கால் எலும்பில் ரத்தக்குழாய்கள் ஓடிய நுண்துளைகள் இருக்கும்; லென்ஸில் அவை புள்ளிகளாகவும் சிறு கீறல்களாகவும் தெரியும். பிளாஸ்டிக்கில் அவை இருக்காது. எலும்பின் மேல் இருக்கும் கரடுமுரடான வெட்டுகள் மான்கொம்பைப் போல் தோன்றுவதற்காக இயந்திரம் போட்டவை. (அசல் மான்கொம்புப் பிடிகளுக்குப் பெரிதும் பயன்பட்டது நம் காடுகளில் திரியும் கடமான் உதிர்த்த கொம்பு.) வெட்டின் ஆழமும் வரிசையும் சாயத்தின் பழுப்பும் பட்டறைக்குப் பட்டறை மாறும். பழகிய கண் முத்திரையைப் பார்க்கும் முன்பே பட்டறையைச் சொல்லிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தவை ரெமிங்டன் கத்திகள். முதல் உலகப் போர் முடிந்து துப்பாக்கிக்கான தேவை சரிந்ததும், அந்த நிறுவனம் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் கத்தி செய்ய இறங்கியது. அதன் சாரணர் கத்தி ஒன்றின் அலகில் 'ஆர்.எஸ். 3333' என்ற எண் இருக்கும். ஆர் என்றால் ரெமிங்டன், எஸ் என்றால் சாரணர். கடைசி இலக்கம் கைப்பிடி எதனால் ஆனது என்பதைச் சொல்லும்: 3 எலும்பு, 6 மான்கொம்பு. 3இல் முடியும் எண்ணுக்கு மேலே துளையே இல்லாத வழவழப்பான பட்டை இருந்தால், யாரோ கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள்.

தொல்லியல் குழியில் கிடைக்கும் நாணயங்களில் மிகப் பிந்தையது எதுவோ, அந்த மண்ணடுக்கு அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. கத்திக்கும் இதே கணக்குதான். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் 1960இல்தான் விற்பனைக்கு வந்தது. டெல்ரின் பிடியோடு வரும் 'போர்க்காலக் கத்தி' போர்க்காலத்ததாக இருக்க வழியில்லை. அலகு மட்டும் அக்காலத்ததாக இருந்தால், பிடி பிற்காலத்தில் மாறியது. ஐரோப்பியக் கத்திகளுக்கு நாட்டின் பெயரே காலக்குறி. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டை எழுதச் சொன்னது. கத்திக்குப் பேர்போன ஜெர்மன் நகரமான சோலிங்கனின் அலகு ஒன்றில் 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால், அது 1949க்குப் பிந்தையது.

இத்தனையும் பார்த்த பிறகும் குழப்பும் கத்திகள் உண்டு. பெரிய அலகில் ரெமிங்டன் முத்திரை, அடுத்த அலகில் 'பால்' (PAL) என்ற வேறொரு நிறுவனத்தின் முத்திரை. பார்த்தவுடன் இரண்டு கத்திகளை உடைத்து ஒட்டியது என்றே தோன்றும். ஆனால் ரெமிங்டன் 1940இல் தன் கத்தித் தொழிலைப் பால் நிறுவனத்திடம் விற்றது. இயந்திரங்களோடு, முத்திரை பதித்து முடித்திருந்த அலகுகளும் கைமாறின. வாங்கியவர்கள் அவற்றை வீணாக்காமல் தங்கள் கத்திகளில் கோத்தார்கள். ஆகவே அலகுகள் சுழலும் அச்சு ஆணிகளைப் பாருங்கள். பிற்காலத்தில் பிரித்துப் பூட்டிய கத்தியில் ஆணித்தலை புதிதாக மின்னும், அல்லது சுற்றிலும் சுத்தியல் பட்ட தடம் இருக்கும். தலை மழுங்கி, உலோகத்தோடு ஒன்றாகக் கறுத்து, அசையாமல் இருந்தால், அந்த இரண்டு பெயர்களும் ஒரே நாளில், ஒரே தொழிலாளியின் மேசையில் சேர்ந்தவையாக இருக்கலாம்.