மாணவர் நிரல் ஓடும் இடத்தில் விடையும் மதிப்பெண்ணும் இருக்கக் கூடாது

ஒரு செக்‌ஷனில் 60 பேர், மூன்று செக்‌ஷன், வாரம் ஐந்து கணக்கு என்றால் 900 நிரல்கள். எந்த ஆசிரியராலும் இவற்றை வாராவாரம் படித்துத் திருத்த முடியாது. கல்லூரிகள் ஆட்டோகிரேடருக்கு, அதாவது மாணவர் நிரலைத் தானாக ஓட்டித் திருத்தும் அமைப்புக்குப் போவது நியாயமான முடிவுதான். அவற்றை நிறுவிக் கொடுப்பதும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைச் சோதித்துச் சொல்வதும் என் வேலை. சோதிக்கப் போகும் இடங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைப்பைத்தான் பார்க்கிறேன். ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கும். மாணவர் அனுப்பிய கோப்பை எடுக்கும், ஓட்டும், வந்த விடையைச் சரியான விடையோடு ஒப்பிடும், மதிப்பெண்ணை ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதும். எல்லாம் ஒரே கணினி, ஒரே பயனர் கணக்கு, பல இடங்களில் ஒரே ஃபோல்டர்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் காட்டுவது மூன்று வரி நிரல். அது இருக்கும் ஃபோல்டரில் என்னென்ன கோப்பு உண்டு என்று பார்க்கிறது, எதிர்பார்க்கும் விடை உள்ள கோப்பைத் திறக்கிறது, அதையே அச்சிடுகிறது. முழு மதிப்பெண். மதிப்பெண் கோப்பையும் அதே கணக்கால் எழுத முடியும் என்பதால், பக்கத்து மாணவரின் மதிப்பெண்ணையும் மாற்றலாம்.

ஃபங்ஷன் எழுதச் சொல்லி டெஸ்ட் மூலம் திருத்தும் முறை இன்னும் நுட்பமானது. டெஸ்ட் நிரல் மாணவரின் கோப்பை இம்போர்ட் செய்த உடனே அந்தக் கோப்பின் முதல் வரி ஓடிவிடுகிறது. அந்த வரி 'எக்ஸிட் கோடு 0' (நிரல் முடியும்போது, எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) கொடுத்து வெளியேறினால் ஒரு டெஸ்ட்கூட ஓடியிருக்காது. ஆனால் எக்ஸிட் கோடு 0 என்றால் வெற்றி என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட், எல்லாம் பாஸ் என்று எழுதிவிடும். எத்தனை டெஸ்டின் முடிவு வர வேண்டும் என்பதை வெளியே இருக்கும் பகுதி எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து வர வேண்டிய இடத்தில் ஒன்பது வந்தால், வராத அந்த ஒன்று ஃபெயில்.

தீய நோக்கம் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓஎஸ் லேபில் ஃபோர்க் (ஓடும் நிரல் தன்னைப் போல இன்னொரு பிராசஸை உருவாக்கும் கட்டளை) கற்றுக்கொள்ளும் மாணவர் அதைத் தெரியாமல் முடிவில்லாத லூப்புக்குள் வைத்தால் போதும், சர்வர் படுத்துவிடும். லூப்புக்குள் பிரின்ட் இருந்தால் டிஸ்க் நிரம்பும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இப்படித்தான் எழுதுவார்கள். அதைத் தாங்குவது அமைப்பின் பொறுப்பு.

இது புதுச் சிக்கலும் இல்லை. 1960இலேயே அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக்கில் ஜாக் ஹாலிங்ஸ்வொர்த் துளை அட்டையில் வரும் மாணவர் நிரல்களைக் கணினியை வைத்தே திருத்தினார். திருத்தும் நிரலும் மாணவர் நிரலும் ஒரே நினைவகத்தில் இருந்ததால் ஒன்று மற்றதைக் கெடுக்கும் வாய்ப்பு அப்போதே இருந்தது. அன்று வேறு வழி இல்லை. இன்று இருக்கிறது.

பெறுவது, வரிசையில் வைப்பது, ஓட்டுவது, ஒப்பிடுவது, மதிப்பெண் இடுவது எனத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கச் சொல்கிறேன். பின்னால் சி போய் ஜாவா வந்தால் மாற்றுவது சுலபம் என்பது இதில் கூடுதல் லாபம். முதல் காரணம் நம்பிக்கை. அறிமுகமில்லாத நிரலை ஓட்டும் பகுதிக்கு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. நுழைவுத் தேர்வு எழுதுபவரின் மேசையில் யாரும் விடைக்குறிப்பை வைப்பதில்லை அல்லவா?

ஆக, ரன்னர் என்ற அந்தப் பகுதிக்குள் போக வேண்டியவை மாணவரின் நிரல், உள்ளீடு, வரம்புகள் மட்டுமே. வெளியே வர வேண்டியவை நிரல் அச்சிட்டது, பிழைச் செய்தி, எக்ஸிட் கோடு, எடுத்த நேரம், நினைவக அளவு. எதிர்பார்க்கும் விடை அங்கே போகவே கூடாது. மாணவரின் பெயரும் பதிவு எண்ணும் தேவையில்லை. இணையத் தொடர்பு வேண்டாம். ஓடி முடிந்ததும் அந்த இடம் மொத்தமாக அழிக்கப்பட வேண்டும். வரம்பு என்றால் நேரம் மட்டும் இல்லை. நினைவகம், எத்தனை பிராசஸ், எவ்வளவு அச்சிடலாம் என்பதும் சேர்த்துத்தான்.

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்புகளுக்குள் ஓட்டும் டாக்கரில் போட்டுவிட்டோம், போதாதா என்று கேட்பார்கள். போதாது. கன்டெய்னர்கள் எல்லாம் கீழே இருக்கும் ஒரே லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளே எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓட்டுவதும், வசதிக்காக டாக்கருக்கே கட்டளையிடும் வழியான டாக்கர் சாக்கெட்டை உள்ளே கொடுப்பதும் நடக்கிறது. சாக்கெட்டைக் கொடுத்தால் சர்வரையே கொடுத்த மாதிரி. இந்த வேலைக்கென்றே மார்ட்டின் மாரெஷும் பெர்னார்ட் பிளாக்ஹாமும் 2012இல் வெளியிட்ட ஐசோலேட் என்ற கருவி இருக்கிறது. லினக்ஸின் நேம்ஸ்பேஸ் (நிரலின் கண்ணில் எது படலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது), கன்ட்ரோல் குரூப் (எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது) வசதிகளை வைத்து ஒவ்வொரு ஓட்டத்தையும் அடைக்கிறது. சர்வதேச இன்ஃபர்மேடிக்ஸ் ஒலிம்பியாடில் பயன்படும் சிஎம்எஸ் என்ற போட்டி நடத்தும் மென்பொருள் இதைத்தான் பயன்படுத்துகிறது.

நல்ல கருவி இருந்தாலும் அதைச் சுற்றி எழுதும் நிரலில் ஓட்டை விழலாம். ஐசோலேட்டின் மேல் கட்டப்பட்ட, பலரும் பயன்படுத்தும் ஜட்ஜ் ஜீரோ என்ற நிரல் ஓட்டும் அமைப்பில் 2024இல் அப்படி ஒன்று வெளியானது. மாணவர் நிரல் ஒரு சிம்பாலிக் லிங்க்கை (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) உருவாக்கி வைத்தால், அமைப்பே அதைப் பின்தொடர்ந்து வெளியே இருக்கும் கோப்பில் எழுதிவிடும். 1.13.1 பதிப்பில் சரிசெய்தார்கள். இன்னும் பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். அப்புறம், ரன்னரைத் தனிக் கணினியில் வையுங்கள். ஒருவேளை உடைந்தாலும் எடுப்பதற்கு அங்கே எதுவும் இருக்கக் கூடாது. மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருளை வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு இது செலவில்லாத வேலை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் மூடுலுக்காக உருவான கோட்ரன்னர், நிரலை ஜோப் என்ற தனி சர்வருக்கு அனுப்புகிறது. ஸ்பெயினின் லாஸ் பால்மாஸ் பல்கலைக்கழகத்தின் விபிஎல்லும் அப்படியே. நிறுவும்போது அவசரத்தில் மூடுலையும் நிரல் ஓட்டும் சர்வரையும் ஒரே கணினியில் போடுவதுதான் பிரச்சினை.

ஒப்பிடும் பகுதிக்கு வருவோம். மாணவர்களுக்கு அநியாயம் அதிகம் நடப்பது இங்கேதான். பைத்தானில் இன்புட் வாங்கும்போது 'எண்ணைத் தருக' என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். அந்த வரியும் வெளியீட்டில் சேர்ந்துவிடும், விடை பொருந்தாது, பூஜ்யம். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் அதுவும் தவறு. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களில் அசைன்மென்ட் செய்தவர்களுக்கு, பிரசன்டேஷன் எரரை (விடை சரி, அச்சிட்ட வடிவம் மட்டும் பிசகு) பொருட்படுத்தாமல் பாஸ் என்று வரும் செய்தி நினைவிருக்கும். வெற்றிடம், வரி முறிப்பு போன்றவற்றை மன்னிக்கும் அந்த அணுகுமுறைதான் சரி. ஒரு கிராஃபில் குறுகிய பாதை இரண்டு இருந்தால் எதைச் சொன்னாலும் சரிதான். அதற்கு விடைக் கோப்பு உதவாது, விடை செல்லுமா என்று பார்க்கும் செக்கர் நிரல் வேண்டும். கேள்வி வாரியாகச் செக்கரை மாற்ற முடிவதுதான் பகுதிகளாகப் பிரிப்பதில் ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய நன்மை.

நமது தவறும் மாணவர் தவறும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கடைசி நாள் இரவு எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள், சர்வர் திணறும். கடிகார நேரத்தை மட்டும் அளந்தால், மதியம் பாஸான அதே நிரல் இரவில் ஃபெயிலாகும். முதல் வரம்பு சிபியு நேரமாக, அதாவது அந்த நிரலுக்காகச் சிபியு உண்மையில் உழைத்த நேரமாக இருக்கட்டும், கடிகார நேரத்துக்குத் தாராளமான இரண்டாவது வரம்பு வையுங்கள். எக்ஸிட் கோடு 137 வந்தால் நிரல் வெளியிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. நினைவக வரம்பைத் தாண்டியதா, ரன்னரே செத்ததா என்று அமைப்பு பிரித்துச் சொல்ல வேண்டும். ரன்னர் செத்தால் மாணவருக்குப் பூஜ்யம் போகக் கூடாது, வரிசையில் மறுபடி ஓட வேண்டும்.

ஒரு கல்லூரியில் விடைக் கோப்பை விண்டோஸில் தயாரித்து லினக்ஸ் சர்வரில் போட்டிருந்தார்கள். வரி முடிவில் வந்த கண்ணுக்குத் தெரியாத எழுத்தால் ஒரு கேள்வியில் வகுப்பு முழுவதும் ஃபெயில். கோப்பைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மாணவர் அனுப்பிய நிரல்களை அழித்துவிடும் அமைப்பு அது. மறுபடி திருத்த எதுவும் இல்லை. எல்லோரையும் திரும்ப அனுப்பச் சொன்னார்கள், சிலரிடம் பழைய கோப்பு இல்லை. எனவே பெறும் பகுதி, வந்ததை அப்படியே நேரத்தோடு சேமித்த பிறகுதான் வரிசைக்கு அனுப்ப வேண்டும்.

காப்பியைக் கண்டுபிடிக்க 1994 முதல் இருக்கும் ஸ்டான்ஃபோர்டின் மாஸ் போன்றவை நல்ல கருவிகள். அவற்றின் முடிவை மட்டும் மதிப்பெண்ணோடு தானாக இணைக்காதீர்கள். பத்து வரி ஃபேக்டோரியல் நிரல் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆசிரியர் பார்த்து முடிவு செய்யட்டும்.

உங்கள் கல்லூரி அமைப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, ஒரு சோதனைக் கணக்கிலிருந்து நான்கு நிரல்களை அனுப்பிப் பாருங்கள். ஒன்று தன் ஃபோல்டரில் உள்ளவற்றைப் பட்டியலிடட்டும். ஒன்று வெளி இணையதளத்தைத் தொடர்புகொள்ளப் பார்க்கட்டும். ஒன்று முடிவில்லாமல் ஓடட்டும். ஒன்று எதுவும் செய்யாமல் எக்ஸிட் கோடு 0 கொடுத்து வெளியேறட்டும். முதல் நிரலின் பட்டியலில் விடைக் கோப்பின் பெயர் தெரிந்தால், அதை வேறு கணினிக்கு மாற்றும் வரை அந்த அமைப்பில் இன்டர்னல் தேர்வு நடத்தாதீர்கள்.