நகர்ப்புற வீடற்றோர் காப்பகம்: சேவைச் சங்கங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேவைச் சங்கங்களின் வாராந்திரக் கூட்டத்தில் வீடற்றோர் பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் போர்வையிலும் உணவுப் பொட்டலத்திலும் வந்து முடிகிறது. இரண்டுமே தேவைதான். மழையில் நடைபாதையில் ஒடுங்கிக் கிடப்பவருக்கு அன்றிரவு கைகொடுப்பது அவைதான். ஆனால் அவருக்கு அரசு விதிப்படி ஒரு படுக்கை உண்டு. அந்தப் படுக்கையைப் பிடித்துக்கொண்டு ஆதார், வாக்காளர் அட்டை, முதியோர் உதவித்தொகை, பிள்ளைக்குப் பள்ளி எனப் பலவற்றையும் கேட்டுப் பெறலாம். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வாரம் தவறாமல் கூடுகிற பழக்கம் உள்ள ஒரு சங்கம் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றோர் என்று பதிவு செய்தது. அதில் 9.38 லட்சம் பேர் நகரங்களில் இருந்தவர்கள். சாலையோரம், மேம்பாலத்தின் அடி, ரயில் நிலைய நடைமேடை, கோயில் மண்டபம், பெரிய குழாய்களின் உள்ளே எனத் திறந்தவெளியில் தங்குகிறவர்களைத்தான் கணக்கெடுப்பு இந்தப் பெயரில் சேர்க்கிறது. ஒரே இரவில் தேடி எடுக்கும் கணக்கு என்பதால், அன்று கண்ணில் படாமல் போனவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

2013 செப்டம்பரில் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் ஒரு பகுதியாக நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகத் திட்டம் வந்தது. அந்த இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதன் வழிகாட்டு நெறிகள் வகுத்த அடிப்படை அளவு எளிது. நகரத்தில் ஒரு லட்சம் மக்களுக்கு, குறைந்தது 100 பேர் தங்கும் அளவுக்கு நிரந்தரக் காப்பகம் இருக்க வேண்டும். இடத்துக்கு ஏற்ப ஒவ்வொரு காப்பகத்திலும் 50 முதல் 100 பேர் வரை தங்கலாம். ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத் திறந்து விடியலில் வெளியே அனுப்பிவிடும் இடம் இந்த விதிக்குள் வராது. உதாரணத்துக்கு, 2011 கணக்குப்படி மதுரை மாநகரில் சுமார் 10 லட்சம் பேர். அப்படியானால் குறைந்தது பத்துக் காப்பகங்கள், ஆயிரம் பேருக்கு இடம். உங்கள் ஊர் மக்கள்தொகையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் பேச அதுவே போதும்.

காற்றோட்டமான அறை, குடிநீர், குளியலறை, கழிப்பறை, விளக்கு, முதலுதவிப் பெட்டி, தீத்தடுப்பு வசதி, சமைக்க இடம், உடைமைகளை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி, துவைத்த போர்வை ஆகியவை வழிகாட்டு நெறிகளில் இருக்கின்றன. வீடற்றோர் திரளும் இடத்துக்கும் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கும் அருகிலேயே, அதாவது ரயில் நிலையம், பேருந்து நிலையம், மொத்தச் சந்தைப் பக்கமாக, காப்பகம் அமைய வேண்டும் என்பதும் விதி. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சந்தையில் அதிகாலை மூட்டை தூக்குபவருக்கு ஊர்க்கோடியில் இடம் கொடுத்தால், அவர் மறுபடியும் சந்தை வாசலில்தான் படுப்பார். அப்புறம் ‘இடம் கொடுத்தும் வரமாட்டேன் என்கிறார்கள்’ என்று அவர்மேல் பழி விழும். தனித்து வாழும் பெண்கள், அவர்களின் குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், மனநலம் குன்றியோர் ஆகியோருக்குத் தனிக் காப்பகங்கள் அமைக்கவும் திட்டத்தில் இடமிருந்தது.

உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட்டிருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2010-இல் இரவுக் காப்பகங்கள் குறித்து உத்தரவுகள் வந்தன. 2016 நவம்பரில், ஈ.ஆர். குமார் வழக்கில், காப்பகங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

காப்பகம் அமைவது மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொறுப்பில். அன்றாட நிர்வாகத்தைத் தொண்டு நிறுவனங்கள், சுய உதவிக் குழுக்கள் போன்றவற்றிடம் ஒப்படைக்கலாம். அதனால் ஒரு சங்கம் நேரடியாக நடத்த முன்வரலாம்; அந்த அளவுக்கு ஆள்பலம் இல்லையென்றால் இருக்கும் காப்பகத்தோடு சேர்ந்து இயங்கலாம். புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, ஏற்கெனவே இருக்கும் ஒன்றில் தண்ணீர் வருகிறதா, பெண்கள் பிரிவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று தொடர்ந்து போய்ப் பார்ப்பது பல ஊர்களில் கூடுதல் பயன் தரும்.

உண்மையான வேலை ஆவணங்களில் இருக்கிறது. முகவரி இல்லாததால் ஆவணம் இல்லை, ஆவணம் இல்லாததால் எந்த உதவியும் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க விதிகளிலேயே வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றை ஆதாருக்கு முகவரிச் சான்றாகக் காட்டலாம். வாக்காளர் பட்டியலில் சேர, வீடற்றவர் முகவரிச் சான்று எதுவும் தரத் தேவையில்லை. படிவம் 6-இல் தான் இரவில் தூங்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் அங்கே வந்து, அவர் உண்மையில் அங்குதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையை, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சங்கத்தில் ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர், ஒரு தலைமையாசிரியர் இருந்தால் இவற்றில் பாதி வேலை விரைவில் நடந்துவிடும்.

மனநலம் குன்றி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் அலைபவரை என்ன செய்வதென்று தெரியாமல் பலர் கடந்துபோகிறார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு அந்தப் பொறுப்பைக் காவல் நிலையத்திடம் தருகிறது. அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக்கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. புகாரை எழுத்தில் கொடுங்கள், பிரிவு எண்ணையும் குறிப்பிடுங்கள். தனியாக அலையும் குழந்தை என்றால் 1098, ஆதரவற்ற முதியவர் என்றால் 14567, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

உங்கள் ஊரில் எத்தனை காப்பகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு இடம், யார் நடத்துகிறார்கள், பெண்களுக்குத் தனியாக உண்டா, வீடற்றோர் கணக்கெடுப்பு கடைசியாக எப்போது நடந்தது என்ற விவரங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பதிலுக்கு 30 நாள் கெடு. இந்தச் சட்டம் உரிமையைத் தருவது குடிமக்களுக்கு என்பதால், சங்கத்தின் பெயரில் போடாமல் செயலாளரோ உறுப்பினரோ தம் சொந்தப் பெயரில் போட வேண்டும். கெடு தாண்டியும் பதில் வராவிட்டால், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். அதற்கு மத்திய, மாநில விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.