ஸ்பைடர்வர்ட்: சீமைக் கானாவாழை

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையிலிருந்து பாம்பன் வரைக்கும் எத்தனையோ வீடுகளில், சன்னலோரத் தொட்டியில் இந்தச் செடியைப் பார்க்கலாம். தண்டு கணுக்கணுவாக, சாறு கட்டி இருக்கும். இலை முழுக்க ஊதாவாகவோ, பச்சையில் வெள்ளிக்கோடு போட்டோ இருக்கும். மூன்று இதழில் சின்னப் பூ காலையில் விரியும், மதியம் தாண்டாது. நர்சரியில் கேட்டால் 'வாண்டரிங் ஜூ' என்பார்கள். ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகம் 'ஸ்பைடர்வர்ட்' என்னும். தாவரவியலில் 'டிரேட்ஸ்காண்டியா'. வீட்டிலோ வெறும் 'ஊதாச் செடி'. இத்தனைக்கும் இது நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செடிக்குச் சொந்தம். அந்தச் சொந்தத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டால் வளர்க்கும் விதம் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஆங்கிலப் பெயரில் 'வர்ட்' என்பது பழைய சொல். பூண்டு, மூலிகை என்று பொருள். 'ஸ்பைடர்' வந்ததற்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, பழைய ஐரோப்பிய மருத்துவம். சிலந்திக்கடிக்கு மருந்தென்று நம்பிய ஒரு பூண்டை 'பலாங்கியம்' என்று அழைத்தார்கள், அது ஒரு நச்சுச் சிலந்தியின் பெயர். வட அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து இந்தச் செடி இங்கிலாந்துக்கு வந்தபோது, 1629-இல் ஆங்கிலேயத் தாவர அறிஞர் ஜான் பார்க்கின்சன் தம் நூலில் இதையும் அந்த இனத்தோடு சேர்த்து எழுதிவிட்டார். இன்னொரு காரணத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம். தண்டை ஒடித்து, கசியும் சாற்றை விரல்நுனியில் தொட்டு மெல்ல இழுங்கள். கொழகொழப்பு நூலாக நீளும், காற்றில் கொஞ்சம் உலர்ந்து சிலந்தி இழை மாதிரி மினுங்கும். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிவிட வேண்டும், சிலருக்கு இந்தச் சாறு பட்டால் அரிக்கும்.

'டிரேட்ஸ்காண்டியா' என்பது செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் வைத்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தோட்டக்காரர் ஜான் டிரேட்ஸ்காண்ட், அதே பெயரும் அதே தொழிலும் கொண்ட அவர் மகன் ஆகியோரின் நினைவாக வந்த பெயர். இந்தப் பேரினத்தில் 70-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை.

'வாண்டரிங் ஜூ' பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'அலையும் யூதர்' என்று பொருள். சிலுவை சுமந்து போன இயேசுவை ஒரு யூதர் ஏளனம் செய்தார், அதனால் உலகம் முடியும்வரை அலையச் சபிக்கப்பட்டார் என்பது இடைக்கால ஐரோப்பாவில் பரவிய கதை. ஓர் இனத்தையே இழிவுபடுத்தப் பயன்பட்ட கதை அது. படர்ந்துகொண்டே போகும் கொடிக்கு அதிலிருந்து பெயர் எடுத்தார்கள். இப்போது மேலைநாடுகளிலேயே பலர் அதைக் கைவிட்டு வருகிறார்கள். நமக்கு அந்தச் சுமை எதற்கு?

சரி, தமிழில் என்ன சொல்வது? அப்படியே பெயர்த்தால் 'சிலந்திப்பூண்டு' வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குழப்பும். பூண்டு என்றதும் இன்றைக்கு வெள்ளைப்பூண்டுதான் நினைவுக்கு வரும். சிலந்தி என்றால் தமிழ் மருத்துவத்தில் கட்டி, புண் என்றும் பொருள் உண்டு. போதாததற்கு 'சிலந்திநாயகம்' என்று வேறொரு மூலிகை இருக்கிறது. ஆக, 'சிலந்திப்பூண்டு' என்று எழுதினால் கட்டிக்கு அரைத்துப் போடும் மருந்தென்று யாராவது எடுத்துக்கொள்ள இடமுண்டு.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் கானாவாழை. ஐப்பசி மழை விழுந்ததும் முண்டு மிளகாய் போடும் புஞ்சையிலும், வரப்பிலும், தென்னந்தோப்பு நிழலிலும் தானாக முளைத்துப் படரும் செடி. சிலர் கீரையாகச் சமைப்பார்கள், ஆடுமாடும் மேயும். கான் என்றால் காடு. இலையைப் பார்த்தால் 'வாழை' ஏன் வந்தது என்று ஊகிக்கலாம்: நரம்புகள் அடியிலிருந்து நுனிக்கு வளைந்து ஓட, அடிப்பகுதி உறையாகத் தண்டைச் சுற்றியிருக்கும். ஸ்பைடர்வர்ட்டிலும் அதே உறைதான், அதே கணுதான். தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பம், கமெலினேசியே. கானாவாழையின் நீலப்பூவில் இரண்டு இதழ்தான் எடுப்பாகத் தெரியும், மூன்றாவது சிறுத்து ஒதுங்கியிருக்கும். டிரேட்ஸ்காண்டியாவில் மூன்றும் ஒரே அளவு. முக்கியமான அடையாளம் இதுதான். இரண்டுமே ஒருநாள் பூ. வாடிய டிரேட்ஸ்காண்டியா பூவை நசுக்கினால் சருகாக உதிராது, இதழ் கரைந்து விரலில் நீர்த்த மையாக ஒட்டும். ஆனால் ஒரு கொத்தில் மொட்டுகள் வரிசையாகக் காத்திருப்பதால், நாள்தோறும் புதிதாக ஒன்று விரிந்துகொண்டே இருக்கும்.

எங்கிருந்தோ வந்த பொருளுக்குப் பெயர் வைக்கத் தமிழர்கள் கைவசம் வைத்திருந்த சொல் 'சீமை'. சீமைச் சுண்ணாம்பு, சீமை எண்ணெய், சீமைப் பசு, சீமை அகத்தி எல்லாம் அப்படி வந்தவை. எல்லை என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்து, எல்லைக்குட்பட்ட நாட்டுக்கு ஆகி, பிறகு கடல்கடந்த நாட்டையும் குறித்த சொல் இது. சேதுபதிகள் ஆண்ட இந்த மண்ணையே சேதுச் சீமை என்றுதானே சொல்கிறோம்! எனவே 'சீமைக் கானாவாழை' என்பதே பொருத்தமான பெயர் என்பேன். உறவும் தெரிகிறது, வந்த வழியும் தெரிகிறது. வகை பிரிக்க வேண்டுமானால் முன்னால் ஒரு சொல் போதும்: ஊதாச் சீமைக் கானாவாழை, வரிச் சீமைக் கானாவாழை. இலைக்கக்கத்தில் வள்ளம்போல் மடல் வைத்து அதற்குள் வெள்ளைப்பூ பூக்கிறதே, அதை மடல் சீமைக் கானாவாழை எனலாம்.

இனி வளர்ப்பு. வர்ஜீனியாவின் அசல் ஸ்பைடர்வர்ட் குளிர்நாட்டுச் செடி, நம் வெக்கைக்கு அதைத் தேடி அலைய வேண்டாம். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மேற்சொன்ன மூன்றும்தான் நமக்குத் தோது. அவற்றிலும் ஊதா வகை கெட்டியானது. வெளிச்சம் தாராளமாக வேண்டும், கிழக்குச் சன்னல் உத்தமம். வரி இலைக்கு மேற்கு வெயில் நேராக விழக்கூடாது. இருட்டில் வைத்தால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, கோடு மங்கி, பூவும் வராது. பூக்கவில்லை என்று வருத்தப்படுபவர்கள் உரம் வாங்கும் முன் தொட்டியைச் சன்னல் பக்கம் நகர்த்திப் பார்க்கட்டும்.

நம் கரையில் இந்தச் செடிக்குப் பெரிய பகை உப்பு. போர் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு. அதையே ஊற்றி வந்தால் இலைநுனி பழுத்துக் கருகும், தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிந்து வரும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுகிறோம், அதில் உப்பு இன்னும் கூடுதல். அதைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, செடிக்கு மழைத்தண்ணீரோ குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ கொடுப்பது நல்லது. நிறைய வேண்டியதில்லை: விரலை மண்ணில் விட்டு, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். உப்புப் பூத்திருந்தால் ஒருநாள் அடித்துளை வழியே வழிந்து ஓடும்வரை நல்ல தண்ணீர் விட்டு மண்ணை அலசுங்கள். தொட்டிக் கலவையில் கடல்மணல் கூடவே கூடாது. செம்மண், ஆற்றுமணல், மட்கிய சாணி உரம் போதும். தேங்காய் நார்த்தூள் சேர்ப்பதானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்து வீடுகளிலும், வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கத்து வீடுகளிலும் சன்னலைத் திறந்து வைத்தால் இலையில் பிசுபிசுவென்று உப்பு படியும். ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மடல் வகையின் குருத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், அழுகிவிடும்.

கொடி நீண்டு அடிப்பக்கம் மொட்டையானால் தயங்காமல் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தில் பக்கக் கிளை வெடித்துத் தொட்டி நிறையும், பூ மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும். கிள்ளிய துண்டைத் தண்ணீரில் வைத்தால் கணுவில் வேர் இறங்கும், ஈர மண்ணில் செருகினாலும் பிடிக்கும். களையெடுத்தவர்களுக்கு இது புதிதில்லை. பிடுங்கி வரப்பில் போட்ட கானாவாழை ஒரு தூறலில் மறுபடி தலைதூக்கும். மண்ணுக்குள்ளேயே பூத்து விதை கட்டும் வித்தைகூட அதற்குத் தெரியும்!

அந்தப் பிடிவாதம் சீமைச் சொந்தத்துக்கும் உண்டு. இதே பேரினத்தைச் சேர்ந்த, வெள்ளைப்பூ பூக்கும் ஒரு வகை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் காட்டுத்தரையை மூடி நாட்டுச்செடிகளை முளைக்கவிடாமல் செய்கிறது. சீமைக் கருவேலம் என்ன செய்தது என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் கிள்ளிய மிச்சத்தைக் கண்மாய்க் கரையிலோ கடற்கரைப் புதரிலோ வீசாதீர்கள். மொட்டைமாடியில் தாளை விரித்துப் பரப்பி, கணுவெல்லாம் சுருங்கி மொறுமொறுப்பாகும்வரை காயவிட்டு, அப்புறம் குப்பையில் போடுங்கள். சாறுள்ள தண்டு என்பதால் ஓரிரு நாள் வெயில் போதாது.