முறுக்குக் கம்பியின் வேலை: பக்கி வண்டியில் காயலான்கடை பவர் ஸ்டீயரிங்

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஒரு பக்கி வண்டி கட்டியிருக்கிறோம். மாந்தோப்பிலும் கல்லாங்குத்திலும் ஓட்டினால் ஸ்டீயரிங் கையை முறிக்கிறது. காயலான்கடையில் பழைய அக்சென்ட் காரின் பவர் ஸ்டீயரிங் ரேக் கிடைக்கிறது. போடலாமா? ஓடும்போது இன்ஜின் நின்றுபோனால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளுமா?"

பூட்டிக்கொள்ளாது. போடவும் செய்யலாம். ஆனால் அந்த ரேக்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போட்டால், சட்டம் கிழிவதிலிருந்து ஸ்டீயரிங் தானாகச் சுற்றுவது வரை எல்லாமே நடக்கும்.

ரேக்கும் பினியனும் பள்ளிப் பாடம்தான். ஸ்டீயரிங்கைச் சுற்றினால் பினியன் பல்சக்கரம் சுழலும், பல் வெட்டிய தண்டான ரேக் பக்கவாட்டில் நகரும், அதன் முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் சக்கரத்தைத் திருப்பும். 35 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கை ஒரு சுற்று சுற்றும்போது கை 110 செ.மீ. போகிறது, ரேக் 4.5 செ.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வை விட்டுவிட்டால் விசை 24 மடங்கு. கை 5 கிலோ கொடுத்தால் ரேக்கில் 120 கிலோ.

பவர் ஸ்டீயரிங்கில் அதே தண்டின் நடுவில் ஒரு பிஸ்டன் இருக்கும். சுற்றியுள்ள குழாயே சிலிண்டர். சிலிண்டரின் உள்விட்டம் 40 மி.மீ., தண்டின் விட்டம் 24 மி.மீ. என்றால் எண்ணெய் தள்ளக் கிடைக்கும் பரப்பு 8 சதுர செ.மீ. பம்ப் 80 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ) கொடுத்தால் விசை ஏறத்தாழ 650 கிலோ. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், வெல்டிங் பட்டறையில் தேவைப்படும்.

ஆனால் பம்புக்கு எந்தப் பக்கம், எவ்வளவு, எப்போது என்று யார் சொல்வது? பழைய ஹைட்ராலிக் ரேக்கில் கணினி கிடையாது, சென்சார் கிடையாது, முடிவெடுக்க ஒரு ஒயர்கூடக் கிடையாது. எல்லாவற்றையும் செய்வது சுண்டுவிரலைவிட மெலிந்த ஓர் எஃகுக் கம்பி.

ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனை பினியனோடு நேராகச் சேர்வதில்லை. இடையில் இந்த முறுக்குக் கம்பி இருக்கிறது. அதன் மேல்முனை ஸ்டீயரிங் தண்டில் பின் அடித்து இறுக்கப்பட்டிருக்கும், கீழ்முனை பினியனில். ஸ்டீயரிங் தண்டின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள். அதைச் சுற்றி, பினியனோடு சேர்ந்து சுழலும் ஓர் உறை. அதன் உட்புறத்திலும் பள்ளங்கள். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள், டயர் தரையைக் கவ்விக்கொண்டு நகர மறுக்கிறது, கம்பி ஓரிரு டிகிரி முறுகுகிறது. உள்ளே இருக்கும் பள்ளங்களுக்கும் வெளியே இருக்கும் பள்ளங்களுக்கும் அதே ஓரிரு டிகிரி விலகல். இதுதான் மொத்த வால்வும்.

பிளஸ் டூ இயற்பியலில் வரும் வீட்ஸ்டோன் சமனச்சுற்றை நினைத்துக்கொண்டால் மிச்சமும் விளங்கிவிடும். நான்கு மின்தடைகளுக்குப் பதில் நான்கு இடைவெளிகள், மின்னோட்டத்துக்குப் பதில் எண்ணெய், கால்வனாமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்டன். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது நான்கு இடைவெளிகளும் சமம். பம்ப் அனுப்பும் எண்ணெய் இரண்டாகப் பிரிந்து சும்மா சுற்றிவிட்டு டப்பாவுக்குத் திரும்பும். பிஸ்டனின் இருபுறமும் ஒரே அழுத்தம், அதனால் அசைவில்லை. கம்பி முறுகியதும் எதிரெதிர் இடைவெளிகளில் ஒரு சோடி குறுகும், மறு சோடி விரியும். சமன் குலைந்து, ஒருபுறம் அழுத்தம் ஏறிப் பிஸ்டன் நகரும். பிஸ்டன் நகர்ந்தால் ரேக் நகரும், ரேக்கோடு பினியனும் சுழலும், அதோடு சேர்ந்து உறையும் திரும்பும். முறுக்கு தளர்ந்து இடைவெளிகள் மீண்டும் சமமாகிவிடும். கை எங்கே நிற்கிறதோ அங்கேயே சக்கரமும் நிற்கும். அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் முழுப் பின்னூட்ட அமைப்பு ஒரு கம்பியின் மீள்தன்மைக்குள் அடங்கியிருக்கிறது.

இதில் இன்னொரு அழகும் உண்டு. ஓட்டம் மாறாதபோது குறுகிய இடைவெளியில் ஏற்படும் அழுத்தம் பரப்பின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் கூடும். அதாவது இடைவெளி பாதியானால் அழுத்தம் நான்கு மடங்கு. அதனால்தான் நேர்சாலையில் லேசாக அசைத்தால் உதவியே இல்லாததுபோல் கைக்குப் பிடிப்பு கிடைக்கிறது. நின்ற இடத்தில் ஒடித்தால் பாரம் சட்டென்று போய்விடுகிறது. பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ் 1920-களிலேயே ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கை ஓட்டிக் காட்டிவிட்டார். விற்பனைக்கு வந்த காரில் அது ஏறியது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். காயலான்கடை ரேக் ஒன்றைக் குறுக்கே அறுத்து ஒவ்வொரு பாலிடெக்னிக் ஆய்வகத்திலும் வைத்தால், பின்னூட்டம் என்ற பாடத்துக்கு அதைவிட மலிவான கருவி கிடைக்காது. லட்ச ரூபாய் சிமுலேஷன் மென்பொருள் வாங்கும் முன் இதற்கு நிதி ஒதுக்கலாம்.

கம்பியை முறுக்கியது கையா, சக்கரமா என்று வால்வுக்குத் தெரியாது. பாறையில் சக்கரம் மோதி ரேக்கைத் தள்ளினாலும், நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தால் கம்பி முறுகும், எண்ணெய் எதிர்த்துத் தள்ளும். கிருஷ்ணகிரியின் கருங்கல் தரையில் பவர் ஸ்டீயரிங்கின் உண்மையான பயன் இதுதான். ஆனாலும் கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே நுழைக்காமல் வெளியே வைத்து ஓட்டுங்கள்.

கம்பி அளவுக்கு மீறி முறுகாமல் தடுக்க, சில டிகிரிக்குப் பிறகு தண்டும் பினியனும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் தடுப்பு உள்ளே இருக்கிறது. இன்ஜின் நின்றாலும் பெல்ட் அறுந்தாலும் அந்தத் தடுப்பு வழியாகக் கை நேரடியாகச் சக்கரத்தைத் திருப்பும். கனமாக இருக்கும், பூட்டிக்கொள்ளாது. தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து இறங்குபவர்களுக்குக் கிடைப்பதும் இந்தக் கனத்த ஸ்டீயரிங்தான். முகப்பில் கட்டிய எலுமிச்சம்பழம் பம்பைச் சுற்றாது.

இனி பட்டறை வேலை. சென்னைப் புதுப்பேட்டையோ பெங்களூரு சிவாஜிநகரோ, எங்கே வாங்கினாலும் கேஸ் கட்டிங்கில் அறுத்தெடுத்த ரேக்கை வாங்காதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் சீல்கள் போயிருக்கும். இருமுனையிலும் உள்ள ரப்பர் உறைகளையும் பிதுக்கிப் பாருங்கள். எண்ணெய் தளும்பினால் சீல் செத்துவிட்டது. ரப்பர் உறையைத் தள்ளிவிட்டுத் தண்டைப் பாருங்கள். துருக்குழி இருந்தால் புது சீல் போட்டாலும் சில நாளில் கிழியும். ரேக்கை மட்டும் தூக்கி வராமல் பம்ப், அதன் பிராக்கெட், புல்லி, எண்ணெய் டப்பா, ரேக்கின் ரப்பர் புஷ், கிளாம்ப், யூனிவர்சல் ஜாயின்ட்டோடு கூடிய இடைத்தண்டு எல்லாவற்றையும் சேர்த்தே பேசி வாங்குங்கள். தனித்தனியாகத் தேடினால் பொருந்தாது.

ரேக்கை வண்டியில் வைக்கும்போது முதல் எதிரி, சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புவது. காரின் ரேக் பக்கி வண்டியின் சட்டத்தைவிட அகலம். அதைத் திணித்தால் டை ராட் குட்டையாகிவிடும். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் 400 மி.மீ., டை ராட் 300 மி.மீ., இரண்டும் கிடைமட்டத்திலிருந்து 120 மி.மீ. மேலேறுகின்றன என்று கணக்குப் போடுங்கள். ஆர்மின் முனை 18.4 மி.மீ. உள்ளே வரும், டை ராட்டின் முனை 25 மி.மீ. வரும். இந்த 6.6 மி.மீ. வித்தியாசம் 120 மி.மீ. நீளமுள்ள ஸ்டீயரிங் ஆர்மில் 3 டிகிரிக்கு மேல் திருப்பம். ரேக் முன்சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரத்தின் முன்பக்கம் வெளியே விரியும். டை ராட்டின் உள்மூட்டு, மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் ஆகியவற்றின் உள்மூட்டுகளை இணைக்கும் கோட்டிலேயே அமைய வேண்டும். வெளிமூட்டுக்கும் அதே விதி. ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு நேர்ச்சட்டத்தைக் கட்டி, ஜாக்கியால் 2 செ.மீ. 2 செ.மீ.ஆக ஏற்றி அளந்த பிறகே பிராக்கெட்டை முழுதாக வெல்டிங் செய்யுங்கள். அதுவரை புள்ளி வெல்டு போதும்.

டை ராட்டின் நீளம் போதாவிட்டால் அறுத்து ஒட்டவே கூடாது. ஓசூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? கெட்டி எஃகில் மரை வெட்டிய இணைப்பு உறை கடைந்துகொள்ளுங்கள். மரை எம்14 (14 மி.மீ. விட்டம்) என்றால் குறைந்தது 21 மி.மீ. உள்ளே ஏறியிருக்க வேண்டும். இருபுறமும் லாக் நட் போடுங்கள்.

கால் வைக்க இடம் வேண்டுமென்று ரேக்கை அச்சுக்கு முன்னால் தள்ளினால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். பினியன் தண்டை அச்சாகக் கொண்டு ரேக்கை அரைச்சுற்று கவிழ்த்தால் திசை சரியாகும். ஆனால் எண்ணெய் வாய்கள் கீழே பார்க்கும்படி ஆனால் காற்றை வெளியேற்றுவது பெரும்பாடு, கல்லும் அடிக்கும். முடிந்தவரை பின்னாலேயே வையுங்கள்.

இப்போது அந்த 650 கிலோ. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ரேக் சக்கரத்தைத் தள்ளும் அதே விசை சட்டத்தையும் எதிர்த்திசையில் தள்ளும். சாதா ரேக்குக்கு 120 கிலோ தாங்கிய 2 மி.மீ. குழாயும் தகரக் காதும் இதைத் தாங்காது; வெல்டு ஓரத்தில் முடிக்கோடாகத் தொடங்கிக் கிழியும். 6 மி.மீ. தகடு, இருபக்கமும் முட்டுத்தகடு, குழாயைத் துளைத்தால் உள்ளே நசுங்காமலிருக்க உறை, 8.8 தர எம்10 போல்ட். இதற்குக் குறைவாக வேண்டாம்.

இடைத்தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட் 30 டிகிரிக்கு மேல் வளையக் கூடாது. ஒற்றை ஜாயின்ட் அந்தக் கோணத்தில் ஒரு சுற்றுக்குள் 0.87 முதல் 1.15 மடங்கு வரை வேகம் மாறும். இரண்டு போட்டு, கோணங்களைச் சமமாக்கி, நடுத்தண்டின் இரு கவைகளையும் ஒரே தளத்தில் வைத்தால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

இன்ஜின் பின்னால் இருப்பதால் எண்ணெய்க் குழாய் நீளும். அழுத்தக் குழாயை ஜேசிபி, கம்ப்ரசர் ஹோஸ் அடிக்கும் கடையில் 3/8 அங்குல இரட்டைக் கம்பிப் பின்னல் ஹோஸில் செய்துகொள்ளுங்கள். கல்குவாரிகள் உள்ள மாவட்டத்தில் அப்படிப்பட்ட கடைக்கு அலைய வேண்டியதில்லை. பம்ப் ஒரு திசையில் சுற்றினால்தான் எண்ணெய் தள்ளும். இன்ஜினில் திருப்பிப் பொருத்திவிடாதீர்கள். டப்பா பம்புக்கு மேலே இருக்கட்டும். எண்ணெய், டப்பாவின் மூடியில் எழுதியிருப்பதுதான்; பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் உப்பிப்போகும். 2.5 மீட்டர் ஹோஸ் ஒன்றே ஏறத்தாழ 180 மி.லி. குடிக்கும் என்பதால் ஒரு லிட்டர் போதாது, ஒன்றரை லிட்டர் கையில் வையுங்கள்.

முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தபடியே ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி இருபது முறை மெதுவாகச் சுற்றி எண்ணெய் நிரப்புங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டீயரிங் தானாக ஒரு கோடிக்கு ஓடினால் வால்விலிருந்து சிலிண்டருக்குப் போகும் இரண்டு குழாய்களும் இடம் மாறியிருக்கின்றன. முறுக்கைத் தளர்த்த வேண்டிய பிஸ்டன் அதை மேலும் முறுக்குகிறது. அந்த நேரத்தில் கை உள்ளே இருந்தால் எலும்பு போகும். எண்ணெய் பால்போல் நுரைத்தால் காற்று இருக்கிறது. அணைத்துவிட்டு, நுரை அடங்கிய பின் மறுபடி செய்யுங்கள். ஸ்டீயரிங்கைக் கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். 80 பாரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் 800 வாட், அத்தனையும் எண்ணெயில் சூடாக இறங்கும்.

எல்லாம் பொருந்திய பின் வரப்போகும் புகார் ஒன்றுதான்: "ரொம்ப லேசாக இருக்கிறது, தரையே தெரியவில்லை." இன்ஜினை முன்னால் சுமந்த காருக்காக அளவெடுத்த கம்பி அது. உங்கள் வண்டியில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. (முன்சக்கரங்களில் 200 கிலோகூட இறங்காத வண்டி என்றால் என் கருத்தில் பவர் ஸ்டீயரிங்கே வேண்டாம், 800-இன் சாதா ரேக் போதும். பவர் ரேக்கைப் பம்ப் இல்லாமல் ஓட்டுவது மட்டும் கூடாது. கம்பியின் முறுக்கு அத்தனையும் ஸ்டீயரிங்கில் ஆட்டமாக வரும்.) லேசாக இருப்பதைக் குறைக்கப் பலரும் பம்பின் உச்ச அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அது கூரையைத் தாழ்த்தும் வேலை, லேசான திருப்பத்தில் எந்த மாற்றமும் வராது. குறைக்க வேண்டியது ஓட்டத்தை. பம்பின் வாயில் உள்ள ஓட்டக் கட்டுப்பாட்டுத் துளையைச் சிறிதாக்க வேண்டும். அழுத்தம் ஓட்டத்தின் இருமடியாக மாறுவதால், நிமிடத்துக்கு 8 லிட்டரை 6 ஆக்கினாலே உதவி 56 சதவீதமாகிவிடும். 3 லிட்டர் வரை இறக்கிவிடாதீர்கள். நம் கணக்கிலுள்ள 8 சதுர செ.மீ. பிஸ்டனுக்கு 6 லிட்டர் என்றால் விநாடிக்கு 2.8 சுற்று வரை கையோடு ஓடிவரும். 3 லிட்டர் என்றால் 1.4 சுற்றுதான். பாறைக்குப் பாறை வேகமாக ஒடிக்கும்போது கை முந்திக்கொள்ளும், ஸ்டீயரிங் நடுவழியில் திடீரென்று கல்லாகும்.

ஓட்டுவது சொந்த நிலத்தில் மட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படி மாற்றிக் கட்டிய வண்டியைச் சாலையில் அனுமதிக்காது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகள் 2014 முதல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், அங்கேயும் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். முதல் 50 கி.மீ. ஓடியதும் ரேக் போல்ட், டை ராட் லாக் நட், ஹோஸ் முனை மூன்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பிராக்கெட் வெல்டின் ஓரத்தில் பெயின்ட் கோடாக வெடித்திருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.